ஒரு நிறம்கூட விடாமல்: 1,67,77,216 நிறங்களையும் தரும் பைத்தான் நிரல்

திரையில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் உண்டு: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். ஆக 256 × 256 × 256, மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இவற்றில் எதையும் விடாமல், எதையும் இரண்டு முறை சொல்லாமல் வெளியே தரும் ஒரு சின்ன கமாண்ட் லைன் நிரலை எழுதப் போகிறோம். புதிதாக நிரல் எழுதக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு என்பது என் எண்ணம். லூப், பிட், பைட், ஃபைல் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். அதோடு, செய்தது சரிதானா என்பதை யாரிடமும் கேட்காமல் நாமே சோதித்துவிடலாம்.

பைத்தான் 3 இருந்தால் போதும், வேறு லைப்ரரி வேண்டாம். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறேன். பைத்தான் 3 அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஃபார், ரேஞ்ச், பிரிண்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் 64 நிறங்கள்

எடுத்த எடுப்பிலேயே ஒன்றரைக் கோடிக்கு மேல் ஓடவிட்டால் தப்பு எங்கே என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் 0, 85, 170, 255 என்ற நான்கு அளவுகள் மட்டும் எடுத்துக்கொள்வோம். சிவப்புக்கு ஒரு ஃபார் லூப், அதற்குள் பச்சைக்கு ஒன்று, அதற்குள் நீலத்துக்கு ஒன்று. உள்ளே மூன்றையும் பிரிண்ட் செய்யுங்கள். முதல் வரி 0 0 0, இரண்டாவது 0 0 85, ஐந்தாவது 0 85 0, கடைசி வரி 255 255 255. பைக்கின் கிலோமீட்டர் மீட்டரைப் போல, கடைசி எண் ஒரு சுற்று முடிந்தால்தான் அதற்கு முந்தையது நகர்கிறது.

படி 2: மூன்று லூப்புக்குப் பதில் ஒன்று

இந்தப் பயிற்சியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரே இலக்கம். 0 முதல் 255 வரை எழுத 8 பிட், அதாவது ஒரு பைட் வேண்டும். மூன்று நிறத்துக்கும் சேர்த்து 24 பிட். அப்படியென்றால் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 16777215 வரையுள்ள ஒரே ஓர் எண்தான். எல்லா நிறங்களையும் உருவாக்குவது என்றால் வெறுமனே எண்ணிக்கொண்டே போவதுதான். ரேஞ்சுக்கு 16777216 கொடுத்து ஒரு லூப் எழுதி, அதற்குள் இந்த மூன்று வரிகளைப் போடுங்கள்:

சிவப்பு = எண் >> 16
பச்சை = (எண் >> 8) & 255
நீலம் = எண் & 255

>> என்பது பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்துகிறது; & 255 கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறது. 16753920 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். 16 பிட் நகர்த்தினால் 255. எட்டு பிட் நகர்த்தி வெட்டினால் 165. கடைசி எட்டு பிட் 0. இணையப் பக்கங்களில் ஆரஞ்சு என்று பெயர் கொடுத்தால் வருவது இந்த நிறம்தான்.

படி 3: எழுத்தாக வெளியிடுவது

ஒவ்வொரு எண்ணையும் முன்னால் # போட்டு, ஆறு இலக்க ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணாக, வரிக்கு ஒன்றாக பிரிண்ட் செய்யுங்கள். டெர்மினலில் ஓடவிட வேண்டாம், > குறி போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். ஒரு வரிக்கு 7 எழுத்து, வரி முடிவுக்கு ஒரு பைட், ஆக 8 பைட். லினக்ஸிலும் மேக்கிலும் ஃபைலின் அளவு சரியாக 13,42,17,728 பைட் இருக்க வேண்டும். விண்டோஸ் வரி முடிவுக்கு இரண்டு பைட் போடும் என்பதால் அங்கே இன்னும் பெரிதாக வரும்.

படி 4: படமாக வெளியிடுவது

4096 × 4096 என்பதும் 1,67,77,216தான். அதாவது எல்லா நிறங்களும் ஒரு சதுரப் படத்தில் மிச்சமில்லாமல் உட்காரும்! இதற்கு ஏற்ற ஃபார்மட் பிபிஎம் (PPM), ஒவ்வொரு பிக்சலின் எண்களையும் அப்படியே எழுதி வைக்கும் எளிய பட ஃபைல். தலைப்பில் மூன்று வரி: ஆங்கிலப் பெரிய எழுத்து பி (P), அதை ஒட்டி 6, அடுத்த வரியில் 4096 4096, அதற்கடுத்து 255. ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு வரி முடிவு. தலைப்பு மொத்தம் 17 பைட். அப்புறம் பிக்சலுக்கு மூன்று பைட், அவ்வளவுதான்.

பைட்டுகளை பிரிண்ட் வழியாக அனுப்பக் கூடாது, அது எழுத்துக்கானது. சிஸ் மாட்யூலில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் பஃபர் (sys.stdout.buffer) என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுதுங்கள். ஒவ்வொரு பிக்சலாக எழுதினால் நேரம் பிடிக்கும். ஒரு வரிசைக்கான 12,288 பைட்டுகளை ஒரு பைட்அரேயில் (பைத்தானின் பைட் பட்டியல்) சேர்த்து ஒரே தடவையில் எழுதுவது நல்லது. எங்காவது & 255 விட்டுப்போனால், 255ஐத் தாண்டிய எண்ணைப் பைட்அரே ஏற்காமல் உடனே வேல்யூ எரர் காட்டும். விண்டோஸில் கமாண்ட் அடிக்கும் பழைய பவர்ஷெல்லில் > போட்டால் பைட்டுகளை எழுத்தாக நினைத்து மாற்றிவிடும். அங்கே நிரலே ஃபைலைப் பைனரி மோடில் திறந்து எழுதட்டும்.

எண்ணிக்கொண்டே போகும் வரிசையில் படம் எடுத்தால் 16 வரிசை உயரத்தில் 256 பட்டைகள் வரும். சரியான படம்தான், ஆனால் பார்க்க ஒன்றும் புரியாது. 256 × 256 பிக்சல் அளவுள்ள கட்டங்களாக அடுக்கினால் அருமையாக இருக்கும். வெளி லூப் வரிசை, உள் லூப் இடம், இரண்டும் 0 முதல் 4095 வரை:

சிவப்பு = (வரிசை >> 8) * 16 + (இடம் >> 8)
பச்சை = இடம் & 255
நீலம் = வரிசை & 255

இங்கே அடைப்புக்குறிகள் கட்டாயம். பைத்தான் >> குறிக்கு முன்பே கூட்டலைச் செய்துவிடும். ஜிம்ப் என்ற பட எடிட்டரில் திறந்தால் 16 × 16 கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வலப்பக்கம் போனால் பச்சை கூடும், கீழே போனால் நீலம் கூடும். கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு ஒரு படி ஏறும். படத்தின் இடது மேல் மூலை கறுப்பு, வலது கீழ் மூலை வெள்ளை.

படி 5: நிரூபிப்பது

ஃபைல் 5,03,31,665 பைட் இருந்தால் எண்ணிக்கை சரி. ஆனால் ஒரு நிறம் இரண்டு முறை வந்து இன்னொன்று விட்டுப்போயிருந்தாலும் அளவு இதேதான் இருக்கும். கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இன்னொரு சின்ன நிரல்: 16777216 பூஜ்ஜியங்கள் கொண்ட பைட்அரே ஒன்றை உருவாக்குங்கள். படத்தில் 17 பைட் தள்ளி, மும்மூன்று பைட்டாகப் படித்து, சிவப்பு * 65536 + பச்சை * 256 + நீலம் என்று பழைய எண்ணைத் திரும்பப் பெறுங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே 1 இருந்தால் நிறம் இரட்டித்திருக்கிறது. இல்லையென்றால் 1 போடுங்கள். கடைசியில் கூட்டினால் 16777216 வர வேண்டும். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

படத்தை யாருக்காவது அனுப்புவதென்றால் பிஎன்ஜியாக மாற்றி அனுப்புங்கள், நிறங்கள் அப்படியே இருக்கும். ஜேபெக் வேண்டாம், அது அக்கம்பக்க நிறங்களைக் கலந்து அளவைக் குறைப்பதால் பல நிறங்கள் காணாமல் போய்விடும். சோதனை நிரல் கையில் இருப்பதால் அடுக்கும் முறையைத் தைரியமாக மாற்றிப் பார்க்கலாம்: சிவப்புக்குப் பதில் பச்சையைக் கட்டங்களுக்குக் கொடுங்கள், அல்லது ஒற்றைப்படை வரிசைகளைத் திருப்பிப் போடுங்கள். கூட்டுத்தொகை 16777216 வரும்வரை படம் சரிதான்.