எச்சில் குழாய் வாங்கும் முன்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். எச்சிலை வைத்து மரபணுவைப் பார்க்கும் டிஎன்ஏ கிட்டை ஆன்லைனில் வாங்கி வந்து "அக்கா, இதுல எப்படித் துப்பணும்?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள்.

சரி, துப்புவதை முதலில் பார்த்துவிடுவோம். அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. குழாயில் போட்டிருக்கும் கோடு வரை எச்சில் நிற்க வேண்டும். நுரை கணக்கில் சேராது. வாய் வறண்டால் கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிடுங்கள், ஊறும். அப்புறம் மூடியை இறுக்கிக் குலுக்க வேண்டும். குழாயில் இருக்கும் எண்ணை அவர்கள் தளத்தில் பதிந்த பிறகே கூரியரில் போடுங்கள். இல்லாவிட்டால் எச்சில் யாருடையது என்று லேபுக்குத் தெரியாது.

பூர்வீகம் பார்க்க ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நோய்க்கு என்றால்தான் யோசிக்கச் சொல்வேன். பல கிட்டுகள் மரபணுவை முழுசாகப் படிப்பதில்லை, குறித்த சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. 2018இல் அமெரிக்காவில், இப்படிக் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் உண்டு. அது பார்த்தது மூன்றே மூன்று. மூன்றும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. பாலக்கோட்டுப் பெண்ணுக்கு அதில் 'இல்லை' என்று வந்து என்ன பிரயோஜனம்?

நம் பக்கத்துக் கேள்வியே வேறு. அக்கா மகளைக் கட்டலாமா, மாமன் மகனுக்குக் கொடுக்கலாமா? தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சராசரியாக நாலில் ஒரு பங்கு பொது; அத்தை மகள், மாமன் மகன் என்றால் எட்டில் ஒன்று. பொதுப் பங்கு கூடினால் ஒரே குறை இருவரிடமும் மறைந்திருக்கும் வாய்ப்பும் கூடும். இதற்கு முதலில் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசியும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சியும் எடுங்கள். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 80க்குக் கீழே, ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேலே என்றால் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியராக, அதாவது நோய் இல்லாமல் குறையை மட்டும் சுமப்பவராக, இருக்கலாம். அரிவாள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறை இருந்தாலும் ஹெச்பிஎல்சி காட்டிவிடும். ரத்தசோகை உள்ளவர்கள் கவனம்: இரும்புச்சத்து குறைந்தால் ஏ2 குறைவாகக் காட்டக்கூடும், அதைச் சரிசெய்து மறுபடி பார்க்க வேண்டும். இருவருமே பீட்டா கேரியர் என்றால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அதனால் பெண்ணை மட்டும் கூட்டி வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், பையனும் கையை நீட்டட்டும் என்பேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

குடும்பத்தில் பிறவிக் காதுகேளாமையோ தசை நோயோ இருந்தால் இந்த ரத்தச் சோதனையும் போதாது. மரபணு மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் நோய் உள்ளவருக்குத்தான் முதலில் சோதனை செய்யச் சொல்வார்.

கிட்தான் வேண்டும் என்றால் வேறு எந்தத் தளத்திலும் போடாத பாஸ்வேர்டாக வையுங்கள். வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டையே போட்டு உள்ளே நுழைந்து, 2023இல் அதே 23அண்ட்மீயில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டது. மிச்ச எச்சிலை அழிக்கச் சொல்லவும் தரவை நீக்கவும் வழி உண்டா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பாதி உங்கள் தம்பி தங்கையுடையதும்தான், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.