ஆயில் சீலை மாற்றியும் ஒழுகுகிறதா?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் ஷெட்டில் வருஷத்தில் பாதி நாள் அசையாமல் நிற்கிற கார்கள் நிறைய. வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்தால்தான் ஓடும். எஞ்சினிலிருந்து சுழலும் தண்டு (ஷாஃப்ட்) வெளியே வரும் இடத்தில் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் வளையம்தான் ஆயில் சீல். ஓடாத எஞ்சினில் ஷாஃப்டைத் தொட்டிருக்கும் அதன் உதடு ஆயில் படாமல் காய்ந்து விறைத்துவிடும். காரைக்குடி வரை ஒரு நடை போய் வந்தால் தரையில் சொட்டு. உடனே, "சீல் போச்சு, மாத்திடுங்க" என்பார்கள்.

முதல் தவறு அந்த அவசரம்தான். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசியும் ஆயிலும் எஞ்சின் ஓரமாகவே இறங்கி, முன்பக்கச் சீல் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் புல்லி பக்கத்தில்தான் சொட்டும். எஞ்சின் ஆறியபின் நன்றாகத் துடைத்து, முகப்பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பவுடரே காட்டும்.

அடுத்தது, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரையும் பிசிவி வால்வையும் பார்க்காமல் விடுவது. அவை அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, புதுச் சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். மெக்கானிக்கையும் சீல் கம்பெனியையும் திட்டிப் பயனில்லை.

பழைய சீலைத் திருப்புளியால் நெம்பும்போது ஷாஃப்டில் விழும் சின்னக் கீறலே ஒழுகலுக்கு வழி. கழற்றியதும் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால், அதே இடத்தில் புதுச் சீல் நிற்காது; ஷாஃப்டின் மேல் மெல்லிய உறை (ஸ்லீவ்) போட வேண்டும்.

மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். ஷாஃப்டில் புல்லியைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உதட்டைக் கிழிக்காமல், அதன்மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டாமல், சீலின் வெளிவட்ட அளவுள்ள குழாயை வைத்து நேராக இறக்குங்கள். ரப்பர் உதட்டுக்கு எஞ்சின் ஆயில் தடவலாம். டெஃப்லான் உதடு என்றால் பெரும்பாலும் காய்ந்தபடியேதான் மாட்ட வேண்டும். பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றியிருந்தால் கேம் ஷாஃப்டின் சீலையும் அப்போதே மாற்றிவிடலாம். கிராங்கின் பின்பக்கச் சீலுக்குக் கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். சீலின் விலை சொற்பம், இறக்கி ஏற்றும் கூலிதான் கணக்கு.

ஷெட்டில் நிற்பது 1489 சிசி பழைய அம்பாசடரா? அதன் கிராங்கின் பின்பக்கம் உதட்டுச் சீலே கிடையாது. சுருள் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பும். நின்ற இடத்தில் லேசான கறைக்காக அதன் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.