சோடா பாட்டில் ராக்கெட்: பாட்டில் சுலபம், ஏவுமேடைதான் வேலை

தண்ணீர் ராக்கெட் செய்முறை என்று தேடினால், பாட்டிலுக்கு இறக்கை ஒட்டுவதைத்தான் எல்லாரும் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். அது அரை மணி நேர வேலை. அந்தப் பாட்டிலைக் காற்று கசியாமல் பிடித்து வைத்திருந்து, நாம் கயிற்றை இழுக்கிற நொடியில் விட்டுவிடுகிற ஏவுமேடையில்தான் ஆட்கள் சிக்கி நிற்கிறார்கள். பெரிய ராக்கெட்டுக்கும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் கட்ட 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை கிட்டத்தட்ட 3,985 கோடி ரூபாய். அதில் ஒரு ராக்கெட்கூடச் சேர்த்தியில்லை. நமக்கு, கையில் பம்ப் இருந்தால், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

"தண்ணீர் எதற்கு, தீபாவளி மருந்தை எடுத்துப் போட்டால் இன்னும் மேலே போகுமே" என்று கேட்கிற தம்பிமார்களுக்கு ஒரே பதில்: கூடாது. வெடிமருந்தைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விரல்கள் பத்தும் வேண்டுமே. அழுத்தி ஏற்றிய காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே போகும். தண்ணீரும் காற்றும் நியூட்டனின் மூன்றாம் விதியை மருந்து அளவுக்கே தெளிவாகக் காட்டும்.

பாட்டில்

கேஸ் அடைத்த குளிர்பானப் பாட்டில் மட்டும்தான். அடிப்பாகம் ஐந்து இதழ் மாதிரிப் பிரிந்து ஐந்து காலில் நின்றால் அது அழுத்தத்துக்காகவே செய்த பாட்டில். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதுவும் வேண்டாம். முதல் ராக்கெட்டுக்கு 1.25 லிட்டர் போதும். 2.25 லிட்டருக்குப் பிறகு போகலாம். கீறல் விழுந்தது, வெயிலில் கிடந்தது, ஒருமுறை கீழே விழுந்து மடங்கியது எல்லாம் பழைய சாமான் கடைக்கு.

பைப் வாங்குவது

கடையில் போய் "ஹாஃப் இன்ச் பைப்" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலும் வெந்நீர் லைனுக்குப் போடுகிற க்ரீம் நிற சிபிவிசி பைப்பை அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் அரை இன்ச்தான், ஆனால் வெளிவிட்டம் 15.9 மி.மீ. நமக்கு வேண்டியது வெள்ளை நிற யுபிவிசி. அதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ. சோடா பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 21.7 மி.மீ. அளவில் இருக்கும். பைப் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், ஆடாது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் இந்த ராக்கெட் விடுவதற்கு இந்தத் தற்செயலான பொருத்தமும் ஒரு காரணம்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் நான் வாங்குகிற கடைக்காரர் இப்போதெல்லாம் "அண்ணே, வீட்டுக்கா, ராக்கெட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கிறார். நீங்கள் ஒரு காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே நுழைத்துப் பார்த்துவிடுங்கள். ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று இரண்டு தடிமன் வரும். வெளிவிட்டம் ஒன்றுதான். 80 வாங்குங்கள், காரணம் கீழே வருகிறது.

அதோடு ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு), இரண்டு எண்ட் கேப் (பைப் முனையை அடைக்கிற மூடி), சால்வென்ட் சிமெண்ட், பைக்குக்குப் போடுகிற ட்யூப்லெஸ் வால்வு ஒன்று, கேபிள் டை ஒரு பாக்கெட், ஹோஸ் கிளிப் ஒன்று, ஒன்றரை இன்ச் பைப்பில் ஒரு சாண் துண்டு. மீட்டர் வைத்த கால் பம்ப் அவசியம். மீட்டர் இல்லாத பம்ப் என்றால் இந்த வேலையையே தொடங்க வேண்டாம்.

அடிப்பாகம்

டீயைத் தலைகீழாக வையுங்கள். மேலே போகிற வாயில் 40 செ.மீ. பைப். ஒரு பக்கம் 20 செ.மீ. பைப்பும் எண்ட் கேப்பும். இன்னொரு பக்கம் அரை மீட்டர் பைப், அதன் எண்ட் கேப்பில் 11.5 மி.மீ. ஓட்டை போட்டு, வால்வை உள்பக்கமிருந்து சோப்புத் தண்ணீர் தடவி இழுத்துப் பொருத்துங்கள். கேப்பைப் பைப்பில் ஒட்டுவதற்கு முன்பே வால்வை ஏற்றிவிட வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

சீல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பைப்புக்கும் பாட்டில் கழுத்துக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அது வழியாகக் காற்று போகாமல் அடைக்க வேண்டும், ஆனால் பாட்டில் சுலபமாகக் கழன்றும் போக வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றினால் பாட்டிலை ஏற்றும்போதே சுருண்டு வந்துவிடும். சைக்கிள் ட்யூப் துண்டு தடிமன் அதிகம். பைப்பைத் தீயில் காட்டி லேசாகப் புடைக்க வைக்கிற முறை பிரபலம். அது பலருக்கு வருகிறது, எனக்குப் பிடிக்காது. புடைப்பு ஒரு மயிரிழை கூடினால் பாட்டில் ஏறாது, குறைந்தால் கசியும். சூடான பிவிசி விடுகிற புகையும் நல்லதல்ல.

என் சிபாரிசு, பைப்பில் ஒரு பள்ளம் வெட்டி ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை மாட்டுவது. ஓ-ரிங் 18 மி.மீ. உள்விட்டம், 2 மி.மீ. தடிமன். வாட்டர் ஃபில்டர் சாமான் விற்கிற கடையிலோ பேரிங் கடையிலோ கிடைக்கும். பள்ளத்தின் ஆழம் 1.5 மி.மீ. இருந்தால் ஓ-ரிங் அரை மி.மீ. வெளியே துருத்தி நிற்கும். பாட்டில் ஏறும்போது அது அமுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஷெட்யூல் 80 வாங்கச் சொன்னது இதற்குத்தான்: சுவரில் 1.5 மி.மீ. வெட்டி எடுத்தபிறகும் 2 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருக்கும்.

பள்ளத்தை நேராக வெட்டுவதற்கு ஒரு வழி. நேரான விளிம்புள்ள காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி, விளிம்பு விளிம்போடு சேரும்படி ஒட்டுங்கள். அந்த விளிம்புதான் கோடு. ஆக்ஸா ஃபிரேமில் ஒரு பிளேடுக்குப் பதில் இரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாட்டுங்கள். அந்த ஜோடி ஒரே வெட்டில் ஓ-ரிங் உட்காருகிற அகலத்துக்குப் பக்கமாக வெட்டிவிடும், போதாவிட்டால் சின்ன அரத்தால் ஓரத்தைத் தேய்த்துக்கொள்ளலாம். ரம்பத்தைப் பலமாக அழுத்தாமல் பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி அறுக்க வேண்டும். அறுத்தபிறகு பள்ளத்தின் அடியை மடித்த உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். கசிவு பெரும்பாலும் பள்ளத்துக்குள் இருக்கிற பிசிறால்தான் வருகிறது, ஓ-ரிங்கால் அல்ல.

பள்ளம் எந்த உயரத்தில்? பாட்டில் ஏறி நின்றபின் ஓ-ரிங், கழுத்தின் நேரான பகுதிக்குள், வாயிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். பள்ளத்துக்கு மேலே 20 செ.மீ. பைப் இருக்கட்டும். அப்போதுதான் பைப்பின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும், தண்ணீர் அடிப்பாகத்துக்குள் இறங்காது.

பிடியும் விடுதலும்

பாட்டில் கழுத்தில் மூடி மரைக்கு அடுத்து ஒரு வளையம் இருக்கிறது இல்லையா, பாட்டிலைத் தூக்கும்போது விரல் மாட்டுமே, அதுதான் பிடி. பைப்பைச் சுற்றிப் பத்து கேபிள் டைகளைத் தலை மேலாக நிறுத்தி, வால்களை ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். பாட்டில் ஏறியதும் ஒவ்வொரு தலையும் வளையத்தின் மேல் கொக்கி மாதிரி உட்கார வேண்டும். அதன்மேல் ஒன்றரை இன்ச் துண்டை மேலேற்றினால் தலைகள் உள்ளே அமுங்கிப் பாட்டில் அசையாது. துண்டில் இரண்டு ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டி, ஆறு மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். கயிற்றை இழுத்ததும் துண்டு கீழே இறங்கும், தலைகள் விரியும், பாட்டில் போய்விடும்.

பம்ப் மீட்டரில் 60 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும்போது பாட்டில் ஏறத்தாழ 15 கிலோ விசையோடு மேலே இழுக்கும். ஆகவே மலிவான மெல்லிய டை வேண்டாம், 4.8 மி.மீ. அகலம் வாங்குங்கள். அடிப்பாகத்தை U வடிவில் வளைத்த கம்பியால் தரையில் அடித்துவிடுங்கள். நம் செம்மண் கோடையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், முந்தின நாள் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் கம்பி இறங்கும்.

தண்ணீர்ச் சோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பாட்டிலிலும் பைப்பிலும் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மாட்டி, 80 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால் ஏதாவது பிளந்தாலும் தண்ணீர் கொட்டுமே தவிரத் துண்டுகள் பறக்காது. காற்றை நிரப்பிச் சோதித்தால் கதை வேறு, பிவிசி சில்லுசில்லாக உடையும். இது தாங்கியபிறகும் பறக்க விடும்போது 60ஐத் தாண்டவே கூடாது, பைப்பைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டி வையுங்கள்.

ராக்கெட்

இறக்கைக்கு 3 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை), மூன்று அல்லது நான்கு. மூன்று போதும் என்பது என் கட்சி, நேராக ஒட்டச் சுலபம் நான்குதான் என்பார்கள் எதிர்க்கட்சி. ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசை பாட்டிலை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுபோகும், ஹாட் க்ளூ சூட்டில் சுருக்கும். ரப்பர் பசையும் மேலே டேப்பும் நல்லது. மூக்குக்கு அட்டைக் கூம்பு செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடித் தேய்த்த டென்னிஸ் பந்து ஒன்றைப் பாட்டிலின் அடிப்பக்கம் வைத்து, இன்னொரு பாட்டிலின் வெட்டிய துண்டால் மூடி ஒட்டிவிடுங்கள். எடைக்கு எடையும் ஆச்சு, யார் தலையில் விழுந்தாலும் மெத்தென்றும் ஆச்சு.

நேராகப் போக வேண்டுமானால் எடை மையம், காற்று தள்ளுகிற மையத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் விட்ட அளவாவது தள்ளி இருக்க வேண்டும். கணக்கு வேண்டாம். ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, ஸ்கேல் விளிம்பில் சமநிலை பாருங்கள். அந்தப் புள்ளியைக் காற்றின் மையமாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் காலி ராக்கெட்டையே விரலில் நிறுத்திப் பார்த்தால் எடை மையம். 1.25 லிட்டருக்கு இடைவெளி 9 செ.மீ.க்குக் குறைந்தால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டியதுதான். எஞ்சினை மேலே வைத்தால் தானாக நேராகப் போகும் என்ற எண்ணம் பழையது. ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலேதான் இருந்தது. பிறகு அவரே அதைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

பறக்க விடுவது

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 மி.லி. தண்ணீர். கூடினால் காற்றுக்கு இடமில்லை, குறைந்தால் பின்னால் தள்ள எடையில்லை. பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஏவுமேடையைத் தலைகீழாக அதற்குள் செருகி, பூட்டி, இரண்டையும் சேர்த்துத் திருப்பி நிறுத்துங்கள். கம்பி அடிப்பது அதன்பிறகு. ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டுச் சோப்பு.

இடம் என்றால் பங்குனி, சித்திரையில் வற்றிக் கிடக்கிற கண்மாய். சீமைக்கருவேலம் இல்லாத பக்கமாகப் பாருங்கள், முள்ளுக்குள் போன ராக்கெட் திரும்பி வராது. வீட்டு மாடி வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, "நாட்டு ஓடு ஒண்ணு போனா நீயா சுட்டுத் தருவே?" என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆடிக் காற்றில் விடாதீர்கள். மற்ற மாதங்களிலும் காலை எட்டு மணிக்குள் முடிப்பது நல்லது.

எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அந்தப் பக்கத்தில் ஆளோ ஆடோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கும் இதே கேள்விதான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கைமேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது, அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்த நஷ்டம் கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். நல்ல இடத்தைப் பிடிப்பதும் பொறியியல்தான் என்று நான் வாதாடுவது இதை வைத்துத்தான்.

உயரம் அளக்க, பாகைமானியில் ஒரு ஸ்ட்ராவையும் தொங்கும் நூலையும் கட்டி, 50 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துங்கள். உச்சியில் கோணம் 40 பாகை என்றால் உயரம் 50 × 0.84, அதாவது 42 மீட்டர், அதோடு கண் மட்டத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடார்டின் அந்த ராக்கெட் போனது 12.5 மீட்டர்தான்.

பின்சேர்க்கை

செய்து பார்த்த சிலர் சொன்ன சிக்கல்கள். கயிற்றை இழுத்தும் துண்டு இறங்கவில்லை என்றால் கயிறு ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது. இரண்டு ஓட்டையிலும் கட்டிய கயிறுகளைத் தரையோரம் ஒரு வளையத்தில் நுழைத்துச் சேர்த்து இழுங்கள். இறக்கையின் கீழ்முனை பாட்டில் வாய்க்குக் கீழே தொங்கினால் துண்டில் தட்டும், வெட்டிவிடுங்கள்.

பம்ப் மீட்டரில் இரண்டு அளவுகோல் உண்டு. 4 என்று காட்டுகிற கோடு பார் அல்லது கிலோ கணக்கு, அது 60 பிஎஸ்ஐக்கு மிகப் பக்கம். "நாலுதானே ஆகியிருக்கிறது" என்று மேலே மிதிக்க வேண்டாம்.

பாராசூட் கேட்கிறவர்கள் முதலில் பாராசூட் இல்லாமலே ராக்கெட் ஒவ்வொரு முறையும் நேராகப் போகிறதா என்று பாருங்கள். ஏற்றிய பாட்டில் கிளம்பாமல் நின்றுவிட்டால் யாரும் கிட்டே போகக் கூடாது. பம்ப் ஹோஸோடு ஒரு டீயும், கைப்பிடியைத் திருப்பித் திறக்கிற பால் வால்வும் (ball valve) இணைத்து வைத்திருந்தால், தள்ளி நின்றபடியே காற்றை இறக்கிவிடலாம். எண்ட் கேப்பில் இருக்கிற வால்வுக்குள் உள்ள குட்டி ஊசியை முன்பே கழற்றிவிட்டால்தான் காற்று இந்த வழியாகத் திரும்பி வரும்.