கீறல் விழாமல் கார் கழுவுவது எப்படி?

கருப்பு கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் வெயிலில் பானெட்டைப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். யாரும் ஆணியால் கிழிக்கவில்லை. வாரநாட்களில் அபார்ட்மென்ட்டில் கார் துடைக்கும் அண்ணனும், ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனோடு நானும் துடைத்துத் துடைத்துப் போட்டவைதான்.

பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியே அதைவிடத் தடிமனாக இருக்கும். தூசியில் மணல் கலந்திருப்பதால், காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். இறகுத் துடைப்பானும் அதே வேலையைத்தான் செய்யும்.

வேண்டியவை: இரண்டு பக்கெட், கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை, ஒரு பெரிய மைக்ரோஃபைபர் டவல். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். பெயிண்டைக் காக்கப் போட்டிருக்கும் வாக்ஸையும் அது எடுத்துவிடும்.

1. நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூடாக இருந்தால் ஷாம்பு அங்கேயே காய்ந்து திட்டாகிவிடும்.

2. டயர், ரிம் இரண்டையும் வேறு துணியால் முதலில் முடித்துவிடுங்கள்.

3. மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் அடியுங்கள். கை வைக்கும் முன்பே மணல் முடிந்தவரை போய்விட வேண்டும்.

4. ஒரு பக்கெட்டில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து, கூரையில் ஆரம்பித்து நேர்கோட்டில் இழுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு. கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. எல்லாம் முடிந்த பிறகு அலசிய பக்கெட்டின் அடியைப் பாருங்கள், பொடி மணல் படிந்திருக்கும். ஒரே பக்கெட்டில் கழுவியிருந்தால் அத்தனையும் பெயிண்டில்தான் உரசியிருக்கும். அப்புறம், கையுறை தரையில் விழுந்தால் பலமுறை அலசாமல் தொடாதீர்கள்.

5. ஷாம்பு காய்வதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி ஒரு பக்கெட்டாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். பிறகு டவலை விரித்து மெதுவாக ஒற்றி எடுங்கள்.

6. கார் முழுக்கக் காய்ந்ததும் வாக்ஸ். ஒரு கதவுக்கு நிலக்கடலை அளவு போதும். மெல்லிசாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு, சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் சரி. ஏற்கெனவே விழுந்த கீறலை வாக்ஸ் போக்காது. வெயில், எச்சம், உப்புத் தண்ணீர் நேரடியாகப் பெயிண்டைத் தொடாமல் கொஞ்சம் தடுக்கும்.

காக்கா எச்சத்தை மட்டும் அடுத்த ஞாயிறு வரை விட்டுவைக்காதீர்கள், வெயிலில் அது பெயிண்டை அரித்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் அப்படியே வழித்து எடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாமல்.

இப்போது அந்த அண்ணனிடம், “கண்ணாடியை மட்டும் துடைங்கண்ணே, பாடியைத் தொடாதீங்க” என்று சொல்லியிருக்கிறேன். சம்பளம் அதேதான். தூசியோடு நிற்கும் காரைப் பார்க்கத்தான் அவருக்கு மனசு கேட்கவில்லை.