டிரெய்லர் ஓட்டும் அண்ணன்களுக்கு: முதலில் டீ, அப்புறம் குட்டித் தூக்கம்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசைக்குக் காத்திருந்து ஓட்டுபவர்களுக்குக் கண் சொக்குவது சகஜம். முகம் கழுவுவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். வரிசையில் நுழையும் முன்பே யார்டில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்த கையோடு 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுங்கள். டீயில் உள்ள காஃபின் வேலைசெய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும். எழுந்ததும் சாவியைத் திருகாமல், இறங்கி வண்டியைச் சுற்றி நாலு நடை நடங்கள்.

சிறுநீர் கழிக்க இடமில்லை என்று பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். வேண்டாம், மணலி வெயிலில் அது சிறுநீரகக் கல்லுக்கு வழிவிடும். இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு இந்த டீ வழி போதாது. தயங்காமல் மாற்று டிரைவரைக் கேளுங்கள்.