குளிர் கீழேயிருந்து வந்தது

போன மார்கழியில் முதல் முறையாகக் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கினோம். பாபநாசத்துக்குப் பக்கத்தில், மாமாவின் தோப்பில்தான். திருநெல்வேலியில் என்ன பெரிய குளிர் என்று ஆளுக்கு இரண்டு கம்பளி, கீழே பத்தமடைப் பாய். அவ்வளவுதான்.

ராத்திரி 2 மணிக்குச் சின்னவள் எழுப்பினாள். “அப்பா, முதுகு சில்லுனு இருக்கு.” என் கம்பளியையும் போர்த்திவிட்டேன், பயனில்லை. ஈரத் தரை உடம்புச் சூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கோரைப்பாய் வெயில் காலத்துக்கென்றே பிறந்தது, அதைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் அத்தை வைக்கோல் கொடுத்தார்கள். தார்ப்பாய், அதன்மேல் அரையடி வைக்கோல், அப்புறம் கூடாரம். உள்ளே ஜமுக்காளம், ஒரு கம்பளி. மேலே போர்த்த ஒன்றே போதுமாக இருந்தது. வைக்கோலுக்குள் அடைபட்ட காற்றுதான் தரைக்குளிரை மறிக்கிறது. விடியும்வரை யாரும் அசையவில்லை. எனக்கு மட்டும் கையெல்லாம் வைக்கோல் அரிப்பு.