சம்பள நாளில் முதல் பங்கு

சம்பளம் வந்த அன்றே, வேறு எதையும் வாங்குமுன், காணிக்கையாகக் கொடுக்கும் பங்கைத் தனி உறையில் வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுப்போம் என்பவர்களுக்கு மிஞ்சுவதே இல்லை. வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார் பவுல் (1 கொரிந்தியர் 16:2).

80,000 ரூபாய் சம்பளத்தில் பத்திலொன்று 8,000. வீட்டு வாடகையும் அடகு வட்டியும் நெருக்கினால் 2,000 ரூபாயோடு தொடங்குங்கள். கடன்பட்டுக் காணிக்கை போட வேண்டாம். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அது ஏற்கப்படும் (2 கொரிந்தியர் 8:12). அம்மா அப்பாவின் மருந்துக் காசை நிறுத்திக் காணிக்கை கொடுப்பது பெரிய தவறு. மாற்கு 7:11-13இல் இயேசு கடிந்துகொண்டது இதைத்தான்.

நத்தார் காலம்தான் கடினம். புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போகுமுன் தேவையானதை எழுதி, அதற்கான காசை மட்டும் கொண்டுபோங்கள். கார்ட் வீட்டில் இருக்கட்டும். எழுதாத பொருள் கண்ணில் பட்டால் ஒரு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் ஆசை அடங்கிவிடும். தவணைக்கு எடுக்கும் டிவி மேலதிக வேலைநேரம் கேட்கும். அந்த நேரம் போவது குடும்ப ஜெபத்திலிருந்தும் ஞாயிறு ஆராதனையிலிருந்தும்தான்.

ஜெபத்துக்கும் இதே ஒழுங்கு: காலையில் போனைத் தொடுமுன் 15 நிமிடம், ஒரு சங்கீதம். வெள்ளவத்தை பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் நெரிசலில் அது நடக்காது.